குரல் எழுத்தாக விழுந்த வகுப்பு

எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. வாட்ஸ்அப்பில் யாருக்காவது ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் போனை வாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டு பேசுவேன், அதுவே எழுதிக்கொள்ளும். வேலையில் இருந்த காலத்தில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு தினமும் பஸ்ஸில் போகும்போது இப்படிப் பேசிக்கொண்டே போவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் பணிக்காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்று அந்தச் சோம்பேறித்தனத்தில் இருந்துதான் பிறந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் அதைச் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

உங்கள் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. அதை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்று பயிற்சி கொடுத்திருப்பார்கள். அதில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கருவி வகுப்புக்குள் வந்த பிறகு வாத்தியாருக்கு வருகிற இக்கட்டு என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பயிற்சி கிடையாது. எனக்கு வந்ததைச் சொல்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தேன். கொரோனா அடங்கி, பள்ளிக்கூடம் திறந்து, பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஆளே மாறி வந்து உட்கார்ந்த வருடம் அது. ஒன்பதாம் வகுப்பில் மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை இருந்தாள். அதே ஊரில் மடவார் வளாகம் பகுதிக்காரி. ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது காது போய்விட்டது. காதுக்குக் கருவி மாட்டியிருந்தாள். ஆனால் அதில் இரைச்சல்தான் வருமே தவிர வார்த்தை வராது. அதற்கு முன்னாலேயே பேசப் பழகிவிட்டதால் நன்றாகவே பேசுவாள். தன் பேச்சு தனக்குக் கேட்காததால் சில சமயம் சத்தம் கூடிப்போகும். வார்த்தையின் கடைசி எழுத்தை இழுத்து விடுவாள். எதிராளி என்ன சொல்கிறார் என்பதை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்தக் கண்ணை வைத்துத்தான் படித்து வந்தாள்.

பள்ளி மறுபடி திறந்தபோது எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம். நான் போட்டிருந்தேன், பிள்ளைகள் போட்டிருந்தார்கள், சத்துணவு ஆயா வரைக்கும் போட்டிருந்தார். மாரீஸ்வரிக்கு ஒரே நாளில் ஊரில் இருந்த அத்தனை உதடும் மறைந்துவிட்டது. எங்களுக்கு அது ஒரு துணி. அவளுக்கு ரெண்டாவது முறையாகக் காது போனது.

அவள் பக்கத்தில் பேச்சியம்மாள் என்ற பிள்ளை உட்காருவாள். பெயருக்கு ஏற்ற வாய். பேச்சிதான் அவளுக்கு நோட்டில் எழுதிக் காட்டுவாள், விரலால் காட்டுவாள், முழங்கையால் இடிப்பாள். "எல்லாரும் புத்தகத்தை எடுங்க" என்று நான் சொன்னால், மற்ற பிள்ளைகள் எடுப்பார்கள். அதைப் பார்த்துப் பேச்சி இடிப்பாள். அதற்குப் பிறகு மாரீஸ்வரி எடுப்பாள். எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளை வகுப்புக்கு ஒரு கணம் பிந்தியே இருந்தாள். வகுப்பு சிரித்தால், எதுக்குச் சிரிக்காங்க என்று பேச்சியிடம் கண்ணால் கேட்பாள். "பொறவு சொல்றேன்" என்று பேச்சி கையைக் காட்டுவாள். அந்தப் 'பொறவு' அநேகமாக வராது. அதில் பேச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிரிப்பு ஆறிய பிறகு அதை எடுத்துச் சொன்னால் சுவை இருக்காது, அவ்வளவுதான்.

ஒரு நாள் பஸ்ஸில் என் போனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. நான் பேசுவதை இது எழுதுகிறது. இந்த எழுத்தை அந்தப் பிள்ளையின் பெஞ்சில் வைத்தால் என்ன? வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் சிறப்பாசிரியையிடம் கேட்டேன். அதற்கென்றே செயலி இருக்கிறது என்றார். சேலையில் குத்திக்கொள்கிற குட்டி மைக் ஒன்றையும் ஏற்பாடு செய்து, என்னுடைய பழைய போனில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு முதல் பீரியடு. மைக் என் தோளில், போன் மாரீஸ்வரியின் பெஞ்சில். என்ன ஏது என்று அவளுக்கு விளக்கவில்லை. வழக்கம்போல, எல்லாரும் புத்தகத்தை எடுங்க என்றேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பேச்சி இடிப்பதற்குள் புத்தகத்தை எடுத்துவிட்டாள். மற்ற எல்லாரோடும் சேர்ந்து எடுத்தாள். நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு செத்த நேரம் எதையோ அழித்துக்கொண்டிருந்தேன். போர்டில் அழிக்க ஒன்றுமில்லை.

அந்தச் செயலிக்கு நம் பக்கத்துப் பேச்சு சரியாகப் பிடிபடாது. 'அம்புட்டுதான்' என்றால் 'அம்பு விட்டுத்தான்' என்று எழுதும். ஒரு நாள் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பே அமைதியாக இருக்கும்போது மாரீஸ்வரி மட்டும் சத்தமாகச் சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சி எட்டிப் போனைப் பார்த்தாள். அதில் 'பெஞ்சுப் புரட்சி' என்று விழுந்திருந்தது. பேச்சி அதை உரக்க வாசிக்க, வகுப்பே பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தது. காது போன நாளிலிருந்து மற்றவர்கள் சிரித்த பிறகு காரணம் தேடியே பழகியிருந்த பிள்ளை, அன்றைக்கு முதலில் சிரித்தாள். மற்றவர்கள் அவளிடம் காரணம் கேட்டார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பெஞ்சுப் புரட்சி என்றுதான் பெயர்.

அந்தக் கருவியால் என்ன நன்மை என்று கேட்டால், பாடம் புரிந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் மாறியது அவள் மட்டுமில்லை. ஒரே சமயத்தில் நாலு பேர் கத்தினால் எழுத்து குழம்பிப்போகும் என்பதால், பிள்ளைகள் ஒருவர் முடித்த பிறகு ஒருவர் பேசப் பழகினார்கள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் அதனால் முறை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு வரி எழுதாதவள், மாரீஸ்வரியின் தோளுக்கு மேலே அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்தே திருத்திக்கொண்டாள். நானும் மாறினேன். பாதி வாக்கியத்தில் அடுத்ததற்குத் தாவுகிற பழக்கம் எனக்கு உண்டு. தொடங்கிய வாக்கியத்தை முடிக்க அந்த வருடம்தான் கற்றேன்.

அவளுடைய அப்பா ராணுவத்தில் இருந்தார், வடக்கே எல்லைப் பக்கம். நல்ல தடித்த மீசைக்காரர். வீடியோ காலில் மகளுக்கு உதடு தெரியவில்லை என்று அந்த மீசையையே எடுத்துவிட்டார் என்று அவளுடைய அம்மா ஒரு தடவை சொல்லியிருந்தார். மீசையை எடுத்தும் பெரிதாகப் பயனில்லை. அங்கே சிக்னல் விட்டு விட்டு வரும், படம் பாதி வாயில் நின்றுபோகும். அம்மா கேட்டு மகளுக்குச் சொல்லுவார், மகள் சொல்வதை அப்பாவுக்குச் சொல்லுவார். வகுப்பில் போனைப் பார்த்த பிறகு, வீட்டில் அம்மாவின் போனிலும் அதைப் போட்டுத் தரச் சொல்லி மாரீஸ்வரி என்னிடம் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அப்பாவிடம் அவளே நேராகப் பேசியிருக்கிறாள். இரவல் வாங்கிய இன்னொரு போனின் ஸ்பீக்கரில் அவர் பேசப் பேச, இவள் அம்மாவின் போனில் வாசித்திருக்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாமல் அந்த மனுஷன் திண்டாடியிருக்கிறார். பேசுங்கப்பா, எதையாவது பேசுங்க என்று இவள் விடவில்லையாம்.

மறுநாள் என்னிடம் வந்து சொன்னபோது சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வந்தவள் முகம் வாடியது.

"எழுத்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கு டீச்சர். நீங்க பேசுறதும் அதே எழுத்து, அப்பா பேசுறதும் அதே எழுத்து. தேரோட்டத்தன்னிக்கு வேட்டுப் போடுற சத்தம் கூட எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா குரல் மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது."

 

இக்கட்டு வந்தது வருடக் கடைசியில். பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஹெச்.எம். சொல்லி அனுப்பியதைச் சொல்ல வந்தவர். நான் வாசலுக்குப் போனேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார். மாரீஸ்வரி வீட்டில் பேசி இந்த வருஷத்தோடு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லவேண்டுமாம். அவளை மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வெளியூரில் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். பத்தாம் வகுப்புக்கு அவளை ஏற்றினால் ரிசல்ட்டு அடிபட்டுப்போகும் என்று ஹெச்.எம். கவலைப்படுகிறாராம்.

வகுப்பில் யாருக்கும் அது கேட்டிருக்காது. ஆனால் மைக் என் தோளில் இருந்தது.

அது உறைத்ததும் மைக்கைக் கையால் பொத்தினேன். பொத்திக்கொண்டு, அவ எங்கயும் போக வேண்டாம், இங்கதான் படிப்பா, இதை நானே வந்து ஹெச்.எம். கிட்ட சொல்லிக்கிறேன் என்றேன். கோபமாகவே சொன்னேன். கணக்கு டீச்சர் போய்விட்டார். நான் திரும்பினேன். மாரீஸ்வரி போனைப் பார்த்துக் குனிந்திருந்தாள். பேச்சி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாரீஸ்வரி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நடந்தது பிள்ளைகள் வழியாக ஹெச்.எம். காதுக்கும் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அந்தக் கருவி வகுப்பில் வேண்டாம் என்றார். வாசலில் நின்று நாலு வார்த்தை பேச ஸ்டாஃப் எல்லாம் பயப்படுகிறார்கள் என்றார். டி.சி. பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் என்பது பாதி, பிள்ளைகள் காதில் விழாது என்ற நம்பிக்கையில் நடக்கிற இடம். அந்த நம்பிக்கையில் நாம் எம்புட்டு பேசுகிறோம் என்று உங்களுக்கே போகப் போகத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறாமல் மடவார் வளாகத்துக்கு நடந்தேன். போகிற வழியெல்லாம் ஒரு தீர்வு யோசித்து வைத்திருந்தேன். பாடம் நடத்தும்போது மட்டும் மைக்கைப் போடுவது, யாராவது வந்தால் அணைத்துவிடுவது. ஹெச்.எம்.முக்கும் சம்மதமாக இருக்கும், பிள்ளைக்கும் பாடம் கிடைக்கும், யார் மனமும் புண்படாது. ரொம்பவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர். என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்திருக்கிறாள், அவிய அப்பா போன் போட்டாலும் பேச மாட்டேங்கிறாள் என்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மகள் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு வருகிற பிள்ளை இல்லையே. அம்மா உள்ளே போய்த் தொட்டு எழுப்பிக் கூட்டிவந்தார். மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். வணக்கம் சொல்லவில்லை. அம்மாவின் போனை எடுத்து, செயலியைப் போட்டு, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டு, பேசுங்க என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வருத்தப்படாதே, இனி யாராவது வந்தால் அணைத்துவிடுகிறேன், பாடம் மட்டும்தான் உனக்கு விழும் என்றேன். அவள் கடைசி வரி விழும்வரை பொறுமையாக வாசித்தாள்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள். "காது போனதுலருந்து, என்னைய பத்தி என்ன பேசுறாங்கன்னு எல்லார் மூஞ்சியையும் பாத்துப் பாத்து யோசிச்சுக்கிட்டே இருப்பேன். நல்லதா கெட்டதான்னு தெரியாது. அன்னைக்குத்தான் மொத தடவையா தெரிஞ்சுச்சு. கெட்டதுதான். ஆனா தெரிஞ்சுச்சு."

அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"நீங்க கையை வச்சு மூடிட்டீங்க. அதுக்குப் பொறவு உங்க வாய் அசைஞ்சுச்சு, மாஸ்க்குக்குள்ள. என்ன சொன்னீங்க டீச்சர்?"

அப்போதுதான் எனக்கு நடந்தது முழுவதும் விளங்கியது. அவளை வேண்டாம் என்று சொன்ன பேச்சு அத்தனையும் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேண்டும் என்று நான் சொன்ன ஒரே ஒரு பேச்சு என் உள்ளங்கைக்குள் நின்றுவிட்டது. அந்த ரெண்டு நாளும் அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு, டீச்சரும் சரின்னுதான் சொல்லியிருப்பாங்களோ என்று யோசித்துக் கிடந்திருக்கிறாள்.

சொன்னேன். அன்றைக்கு வாசலில் சொன்ன அதே வார்த்தையில், அதே கோபத்தோடு சொன்னேன். தரையில் கிடந்த போனில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. அவ எங்கயும் போக வேண்டாம். இங்கதான் படிப்பா. அவள் குனிந்து வாசித்தாள். ஒரு தடவைக்கு மேல் வாசித்திருப்பாள், ரொம்ப நேரம் நிமிரவில்லை. அம்மாவும் எட்டி அதை வாசித்துவிட்டு, என்ன நடந்தது என்று பிறகுதான் கேட்டார்.

நீங்கள் நல்ல எண்ணத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து எதையாவது மறைக்கப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டதை மறைக்கிறோம் என்று கையை வைப்போம். அதற்குள்ளே நல்லதும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கருவிக்கு எது சொல்லலாம் எது கூடாது என்று தெரியாது. அதை அதன் குறை என்றுதான் நாம் நினைக்கிறோம். மாரீஸ்வரிக்கு அதுதான் அதன் சிறப்பு. ஊரில் எல்லோரும் அவளுக்காகச் சல்லடையில் சலித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது ஒன்றுதான் சலிக்காமல் கொடுத்தது.

கிளம்பும்போது அவள் இன்னொன்று கேட்டாள். என்னிடம் சொன்னதை ஹெச்.எம். முன்னாலும் சொல்வீர்களா, அப்போது நானும் கூட இருக்கலாமா என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குக் காலையில் அம்மாவோடு வா என்றேன். பஸ்ஸில் ராஜபாளையம் போய்ச் சேரும்வரை, அதிகம் பேசிவிட்டோமோ என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. ஹெச்.எம்.மைப் பகைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறோமோ என்று பயமாகவும் இருந்தது.

காலையில் ஹெச்.எம். அறையில் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். மேசையில் நான் போனை வைத்ததும் ஹெச்.எம். முகம் இறுகியது. இது எதுக்கு என்றார்.

"அவளைப் பத்தின பேச்சு மேடம். அவளும் தெரிஞ்சுக்கட்டும்," என்றேன்.

அந்த வரியும் போனில் விழுந்தது. ஹெச்.எம். அதைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு எங்களை வெளியே அனுப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்து மறுபடி நிறுத்தினார். ஒருத்தரைப் பற்றிப் பேசுவது வேறு, அவர் வாசிக்கும்படி பேசுவது வேறு. முதலில் ரிசல்ட்டைப் பற்றிச் சொன்னார். முன்பு ஒரு பிள்ளை இப்படிப் பத்தாம் வகுப்பில் தவறி, ரிவ்யூ மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் தன்னை நிற்க வைத்து அதிகாரிகள் கேள்வி கேட்ட கதையைச் சொன்னார். மாரீஸ்வரி ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் காத்திருப்புதான் ஹெச்.எம்.மை மாற்றியது என்று நினைக்கிறேன். பிறகு வேறு குரலில் பேசினார்.

"உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு எனக்குத் தெரியலைம்மா. அதை வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ரிசல்ட்டு மேல பழியப் போட்டேன்."

மாரீஸ்வரி வாசித்தாள். வாசித்து முடித்ததும், அவளுக்கே உரிய சத்தமான குரலில், "எனக்கும் எப்படிப் படிக்கணும்னு தெரியாமத்தான் மேடம் இருந்துச்சு. இப்பதான் தெரியுது," என்றாள்.

ஹெச்.எம். பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவர். டி.சி. பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அந்த மைக்கை எப்படிக் குத்துவது என்று என்னைக் கேட்டார்.

கணக்கு டீச்சர் நடந்ததைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போர்டில் ஒரு வரி எழுதியதும் நிறுத்தி, பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று அதைச் சொல்லி, பிறகு அடுத்த வரியை எழுத ஆரம்பித்தார். ஓய்வு பெறும்வரை நான் பார்த்தேன், அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. மாரீஸ்வரி பத்தாவது பாஸ் செய்தாள். கணக்கில் தட்டுத்தடுமாறி, என் பாடத்தில் நன்றாக. இப்போது மதுரையில் காலேஜில் படிக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இங்கே எதுவும் சொல்லவில்லை. இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். எல்லாத்தையும் சொல்லுங்க, குறைக்காதீங்க என்று பதில் போட்டாள்.

வீட்டில் இருக்கும்போது எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் எப்படி வருகிறது தெரியுமா? மணிச்சத்தமோ பிள்ளைகளின் கூச்சலோ இல்லை. நான் ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும், எழுத்து விழுந்து தீரட்டும் என்று வகுப்பே ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்தது இல்லை. ஒருத்திக்காக மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த மௌனத்தை இந்த வீட்டில் எங்கே போய்த் தேட. டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அமைதி வருகிறது, ஆனால் அது அதுவாக இல்லை. இன்னும் ஒரே ஒரு பீரியடு கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

எந்த பீரியடு வேண்டும் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பிலும் அவர்களுக்கு நான்தான் எடுத்தேன். பரீட்சைக்கு முன்னால், திருப்புதல் நடந்துகொண்டிருந்த சமயம். முகக்கவசமெல்லாம் அதற்குள் போய்விட்டது. மாரீஸ்வரியின் அப்பா லீவில் வந்திருந்தார். அப்பா நம்ம கிளாஸ்ல செத்த நேரம் பேசணும் டீச்சர் என்று அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். ராணுவத்தைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று கேட்கிறாள் என நினைத்துச் சரி என்றேன்.

ஆள் உயரமாக இருந்தார். மீசை மறுபடி வளர்ந்திருந்தது. அத்தனை பெண்பிள்ளைகளைப் பார்த்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் சட்டையில் நானே மைக்கைக் குத்திவிட்டேன். குளிரைப் பற்றிச் சொன்னார். துவைத்துக் காயப்போட்ட பனியன் பலகை மாதிரி விறைத்து நிற்கும், மடக்கினால் ஒடிந்துபோகும் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மாரீஸ்வரியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். வேறென்ன சொல்வது என்று தெரியாமல் அவர் நிறுத்தியதும், அவள் எழுந்து வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்பா என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியும், வாசிச்சுட்டேன். எங்க அப்பா குரல் எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

நான் அவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி முதல் பெஞ்சில் கொடுத்தேன். அந்தப் பிள்ளை யோசித்து, கனமா இருக்கு, ஆனா மெதுவா இருக்கு என்றாள். அடுத்தவள், தூரத்துல மில்லு ஓடுற மாதிரி என்றாள். இன்னொருத்தி, அதட்டப் போற மாதிரி ஆரம்பிக்கிறாங்க, ஆனா அதட்டலை என்றாள். மைக் கைமாறிக் கைமாறிப் போயிற்று. சிலர் ஒன்றும் சொல்லத் தெரியாமல் பக்கத்தில் கொடுத்தார்கள். மாரீஸ்வரி நின்றபடியே ஒவ்வொன்றையும் வாசித்தாள். அவளுடைய அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பேச்சியிடம் வந்தது. பேச்சி, எப்போதும் வாய் ஓயாதவள், அன்றைக்கு யோசித்துத்தான் பேசினாள்.

"ஏட்டி, அது உன் குரல் மாதிரியேதாண்டி இருக்கு. நீ கடைசி எழுத்தை இழுப்பேல்ல, அதே மாதிரிதான் அவங்களும் இழுக்காங்க."

மாரீஸ்வரி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைக் கொண்டுபோய்த் தன் தொண்டையில், அதிர்வு தெரிகிற இடத்தில் வைத்து, "அப்பா" என்றாள். கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னாள்.

சன்னல் பக்கம் நின்றிருந்தவர் திரும்பி, என்னம்மா என்றார். போனில் அந்த எழுத்து விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தொண்டையில் இருந்த கையை எடுக்காமல் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.